நேராக நின்று எடுத்த எக்ஸ்ரே

பிறந்ததிலிருந்தே வெளிப்பக்கமாக வளைந்திருக்கும் ஒரு காலை அறுவைச் சிகிச்சையில் நேராக்கினால், அது காலைச் சரிசெய்வதா, வேறு காலாக மாற்றிவிடுவதா? சென்ற ஆண்டு சித்திரையில், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில், நாளை மறுநாள் அறுவை என்று தேதி குறித்த பிறகு, இந்தக் கேள்வி என் முன்னால் வந்து நின்றது. அதற்கு முந்தைய நாள்வரை எனக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை. நேராக்க வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தேன்.

நான் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. ஓய்வுபெற நான்கு வருடம் மீதமிருந்தது. மூட்டு மாற்று அறுவைக்குத் தேதி வாங்கிக்கொண்டு பயத்தோடு காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் குறிப்பாக, மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக. நானும் முதலில் தவறான கேள்வியைத்தான் கேட்டேன்.

வலி தொடங்கியது மைதானத்தில். மாவட்டப் போட்டிக்கு முன்பு ஓடுபாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். அளவு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. வலது முழங்காலின் உட்புறத்தில் யாரோ விரலை விட்டுக் கிளறுவது போல இருந்தது. கையைத் தரையில் ஊன்றி, சுண்ணாம்பெல்லாம் சேலையில் அப்பிக்கொள்ள எழுந்தேன். அன்று அதைப் பொருட்படுத்தவில்லை.

பிறகு மாடிப்படி இறங்குவது கடினமானது. அதன்பின் சமதரை. மூன்றாவது வருடத்தில், காலை வணக்கக் கூட்டத்தில் இருபது நிமிடம் நிற்பதே பெரும் பாடாகிவிட்டது. தைலம், முழங்கால் உறை, ஊசி, தொடைத்தசைக்கான பயிற்சிகள் என்று எல்லாம் செய்தேன். பயிற்சிகள் எனக்கு முழுதாக இரண்டு வருடம் வாங்கித் தந்தன. அறுவைதான் முடிவு என்று தெரிந்த பிறகும் அவற்றை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அறுவைக்குப் பின் என்னை எழுப்பி நிறுத்தியதும் அந்தத் தசைகள்தான்.

நோயின் பெயர் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் (எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசும் நிலை). என் வலது முழங்காலின் உட்பக்கம் முழுவதும் போய்விட்டிருந்தது. வெளிப்பக்கம் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

எங்கள் தலைமையாசிரியை நல்லவர். ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, நூலகப் பொறுப்பை எடுத்துக்கொண்டால் சிரமம் குறையுமே என்றார். அக்கறையோடுதான் சொன்னார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். மைதானத்தைத் தாண்டித்தான் என் அறைக்குப் போக வேண்டும். அந்த நூறு மீட்டரில் மூன்று இடத்தில் நின்றேன். இந்தக் காலோடு மைதானத்துக்குத் திரும்ப முடியுமா, முடியாதா என்பது ஒன்றுதான் அன்று என் கவலை.

ஆனால் மருத்துவரிடம் போய் உட்கார்ந்ததும் நான் கேட்டது வேறு.

அதற்கு என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் இரண்டு கால்களும் இயல்பிலேயே வளைந்தவை. கணுக்கால்களை ஒட்டி நின்றால் முழங்கால்களுக்கு நடுவே நான்கு விரல் நுழையும். பள்ளியில், கல்லூரிக் கபடி அணியில், எல்லா இடத்திலும் இதற்குப் பெயர் வைத்தார்கள். நடுவில் பந்து போகும் என்றார்கள். பெண் பார்க்க வந்தபோது, வருவதற்கு முன்பே என்னைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டாள் அம்மா. நடந்து வந்தால் தெரிந்துவிடும் என்று. கல்யாணத்துக்கு வெகுநாள் கழித்து இதை என் கணவரிடம் சொன்னபோது அவர், "அன்னைக்கு நான் கேசரியத்தான் பாத்தேன், உன்னைய எங்க பாத்தேன்" என்றார். அவர் மின்வாரியத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பெரிதாக்க மாட்டார்.

ஆகவே மருத்துவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "காலை நேராக்கிருவீங்கல்ல சார்?"

அவருக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். நிதானமாகப் பேசுகிறவர். காகிதத்தில் ஒரு காலை வரைந்து காட்டினார். முழங்கால் மாற்று அறுவையில் செயற்கை மூட்டை எந்தக் கோணத்தில் பொருத்துவது என்பதற்கு இப்போது ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு என்றார். காலங்காலமாகச் செய்துவருவது, இடுப்பு மூட்டின் நடு, முழங்காலின் நடு, கணுக்காலின் நடு மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி எலும்பைச் சீவிப் பொருத்துவது. எல்லோருக்கும் ஒரே இலக்கு; கால் நேராகிவிடும். இன்னொன்று, தேய்வதற்கு முன்பு அந்த ஆளின் முழங்கால் எப்படி இருந்தது என்று கணக்கிட்டு, தேய்ந்த அளவை மட்டும் திருப்பிக் கொடுப்பது. இயல்பில் வளைந்த கால் என்றால் அந்த இயல்பான வளைவு, ஓர் எல்லைக்குள், இருக்கும்.

இரண்டிலும் நன்றாக நடப்பவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். நான் சரியாகக் கேட்கக்கூட இல்லை. எனக்கு நேரான கால் வேண்டும் என்றேன். படம் எடுத்துப் பார்ப்போம் என்றார்.

அந்தப் படம் சாதாரண எக்ஸ்ரே இல்லை. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை, இரண்டு கால்களையும் நின்ற நிலையில் ஒரே படமாக எடுப்பது. உடல் எடை விழும்போது கால் எப்படி நிற்கிறது என்று இதில் தெரியும். அறுவையின் திட்டம் முழுவதும் இதை வைத்துத்தான் தொடங்குகிறது. எக்ஸ்ரே அறையில் இருந்த இளைஞர் என்னை மேடையில் ஏற்றிவிட்டு, "நேரா நில்லுங்கம்மா" என்றார்.

முப்பது வருடமாக நான் பிறருக்குச் சொல்லிவந்த சொற்கள். உடனே நின்றேன். குதிகால்கள் ஒட்டி, முன்பாதங்கள் விலகி, தொடைகள் வெளிப்பக்கம் திரும்பி இறுகி, முழங்கால்கள் பின்னோக்கிப் பூட்டி, தோள் விரித்து, பார்வை நேரே. கல்லூரி நாளிலேயே நான் கண்டுபிடித்த உபாயம் இது. இப்படி நின்றால் என் வளைவு பாதிக்குமேல் மறைந்துவிடும். வலது காலில் வலி என்பதால் எடை முழுவதையும் இடது காலுக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் இடுப்பு ஒரு பக்கமும் சாயவில்லை. அது எனக்குக் கைவந்த கலை. அந்த இளைஞர், இவ்வளவு அசையாமல் யாரும் நின்றதில்லை என்று பாராட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

படத்தில் என் கால் கிட்டத்தட்ட நேராக இருந்தது. மருத்துவர் சற்று வியந்தார். வளைவு குறைவாகத்தான் இருக்கிறது, நீங்கள் கேட்டபடி நேராக்குவதில் பெரிய சிரமம் இருக்காது என்றார். வியாழக்கிழமை அறுவை என்று குறித்தார்.

செவ்வாய்க்கிழமை, இரத்தம், இதயம் எல்லாம் சோதித்து முடித்த பிறகு, இயன்முறை மருத்துவரிடம் (உடற்பயிற்சி, அசைவுகள் மூலம் சிகிச்சை தருபவர்) அனுப்பினார்கள். பெயர் முத்துமாரி. முப்பது வயது இருக்கும். திருவாதவூர்ப் பெண், தினமும் பேருந்தில் வந்துபோகிறாள். அவள் தாழ்வாரத்தின் கடைசியில் நின்றுகொண்டு, நாங்கள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. நான் கணவரோடு எதற்கோ வாதாடிக்கொண்டே தாங்கித் தாங்கி நடந்து வந்தேன்.

என்னை உட்காரவைத்துவிட்டு, கணினியில் என் படத்தைத் திறந்தாள். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து நிற்கச் சொன்னாள். நின்றேன்.

"டீச்சர், இது ஸ்கூல் பிரேயர் இல்ல. சும்மா நில்லுங்க."

சும்மாதான் நிற்கிறேன் என்றேன்.

"இதுவா சும்மா? அட்டென்ஷன்ல நிக்கிறீங்க. வீட்டுல குழாயில தண்ணி பிடிக்கும்போது எப்படி நிப்பீங்க, அப்படி நில்லுங்க."

என்னால் முடியவில்லை. உண்மையாகவே முடியவில்லை. ஒருவர் என் காலைப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் என் உடல் தானாக அந்த நிலைக்குப் போய்விட்டது. தளர்த்தினால் ஒரு நொடி, பிறகு மறுபடியும் இறுக்கம். இரண்டு மூன்று முறை முயன்றேன். கண்ணில் நீர் வந்துவிடும் போலிருந்தது.

என் கணவர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இவ எங்க கல்யாண போட்டோலயும் அட்டென்ஷன்லதான் நிக்கிறாம்மா. நாந்தான் பக்கத்துல பரேடு பாக்க வந்த மந்திரி மாதிரி நிப்பேன்" என்றார். நான் கோபத்தோடு அவர் பக்கம் திரும்பி, எந்த இடத்தில் எதைப் பேசுவது என்று விவஸ்தை இல்லையா என்று கேட்கத் தொடங்கினேன். முத்துமாரி அந்த நேரத்தில் குனிந்து என் முழங்கால்களைப் பார்த்துவிட்டாள்.

"அப்படியே நில்லுங்க டீச்சர். இதுதான் உங்க காலு."

பிறகு என்னை நடக்கவிட்டுப் பார்த்தாள். ஒவ்வோர் அடியிலும் வலது முழங்கால் வெளிப்பக்கமாக ஒருமுறை தள்ளிவிட்டுத் திரும்புவதைக் காட்டினாள். படத்தில் இருக்கும் கால் இப்படி நடக்காது என்றாள். தொலைபேசியை எடுத்து மருத்துவரிடம், அறுவைக்கு முன்பு படத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று நேராகச் சொன்னாள். மூத்த அறுவை மருத்துவர் போட்ட தேதியைத் தடுத்துச் சொல்ல அவளுக்குத் தயக்கம் இருந்திருக்கும். ஆனால் குரலில் அது இல்லை.

மறுபடி எடுத்தார்கள். இம்முறை முத்துமாரி எக்ஸ்ரே அறைக்குள்ளேயே வந்து, என் முழங்கால் சில்லு (முழங்காலின் முன்புறம் இருக்கும் சிறிய எலும்பு) இரண்டும் நேராக முன்னே பார்க்கும்படி என் பாதங்களைத் திருப்பி வைத்தாள். இரண்டு கால்களிலும் சம எடை போடச் சொன்னாள். வலித்தது. அந்த வலியோடு நின்றதுதான் என் சரியான படம்.

மருத்துவர் இரண்டு படங்களையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நீண்ட நேரம் பார்த்தார். இரண்டும் ஒரே ஆளுடையது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றார். பிறகு சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"முட்டிச்சில்லு எங்க பாக்குதுன்னு அன்னைக்கே நான் பாத்திருக்கணும் டீச்சர். படம் தெளிவா இருக்கேன்னு விட்டுட்டேன். நீங்க நின்னது தப்பு இல்ல, நாங்க பாக்காததுதான் தப்பு. வியாழக்கிழமை ஆபரேசன் வேணாம்."

நோயாளியின் முன்னால், அவர் கணவரின் முன்னால், தனக்குக் கீழே பணிபுரியும் பெண்ணின் முன்னால் ஒரு மருத்துவர் இப்படிச் சொல்வதை நான் அதுவரை கேட்டதில்லை. அவர் மீது என் நம்பிக்கை உறுதிப்பட்டது அந்த இடத்தில்தான்.

புதிய படத்தின்படி என் வளைவு முன்பு நினைத்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அதில் ஒரு பகுதி தேய்மானம் தந்தது. மீதி என்னோடு பிறந்தது. தொடை எலும்பின் கோணத்தையும் கீழ்க்கால் எலும்பின் கோணத்தையும் தனித்தனியே அளந்து, இரண்டையும் பிரித்துக் காட்டினார். முழுவதும் நேராக்க வேண்டுமானால், இப்போது உட்பக்கத் தசைநார்களை (எலும்பையும் எலும்பையும் கட்டிவைத்திருக்கும் உறுதியான நார்கள்) தளர்த்த வேண்டியிருக்கும். செய்ய முடியாததல்ல; நிறையப் பேருக்குச் செய்கிறார்கள். ஆனால் அந்த நார்கள் ஐம்பத்தாறு வருடம் இந்த வளைவுக்கென்றே நீளம் பழகியவை. இரண்டாவது வழியில், தேய்மானத்தை மட்டும் திருப்பித் தந்தால், அவற்றைத் தொடவேண்டிய அவசியம் வராது என்று அவர் கருதினார். முடிவு உங்களுடையது, ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அந்த வாரம் அழகர் ஆற்றில் இறங்கும் வாரமாகவும் இருந்தது. நாங்கள் இருக்கும் ஆனையூரிலிருந்து நகரத்துக்குள் போகும் வழியெல்லாம் கூட்டம். எப்படியும் எங்கும் போக முடியாது என்று வீட்டிலேயே இருந்தேன். அந்தக் கேள்வியும் வீட்டிலேயே இருந்தது.

கூட்டம் ஓய்ந்ததும் வில்லாபுரத்தில் இருக்கும் என் கணவரின் அக்காவைப் பார்க்கப் போனோம். நான் மதினி என்று அழைப்பேன். அவருக்கு ஏழெட்டு வருடத்துக்கு முன்பு இரண்டு முழங்கால்களும் மாற்றியாயிற்று. அவர் காலும் என் கால் போல வளைந்ததுதான். இப்போது நேராக இருக்கிறது. அவர் நடப்பதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த ஆசையே வந்தது. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வலி இல்லை, மார்க்கெட்டுக்குத் தானே போய்வருகிறேன் என்றார். பிறகு சற்று யோசித்தார்.

"குத்தம் சொல்லக் கூடாது செல்வி. படுத்துக் கெடக்க வேண்டியவ, எந்திரிச்சு நடக்குறேன். ஆனா எம்புட்டு வருசம் ஆனாலும் அடுத்த வீட்டுச் செருப்ப மாட்டுன மாதிரிதான் இருக்கு. எடுத்து வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் நெனச்சு வைக்கணும்."

நான் ஏன் நேரான கால் வேண்டும் என்று நினைக்கிறேன் என்பதைச் சொன்னேன். மதினி சிரித்துவிட்டார். "இனிமே யாரு உன்னைப் பொண்ணு பாக்க வாரா? எந்தம்பியவா மறுபடி கூட்டியாரச் சொல்ற?"

மதினியின் அனுபவத்தை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்குத் தெரியும். எங்கள் பள்ளியிலேயே ஒரு சக ஆசிரியைக்கு நேராக்கும் முறையில்தான் அறுவை நடந்தது. தன் காலில் அறுவை நடந்ததே மறந்துவிட்டது என்கிறார். ஆகவே நான் வேறொரு இடத்திலிருந்து யோசித்தேன். நீளம் தாண்டுதலுக்குப் பயிற்சி கொடுக்கும்போது, ஓடிவரும் தூரத்தை ஒவ்வொரு பெண்ணுக்கும் தனியாக அளந்து குறிப்போம். அவள் அடியின் நீளம், வேகம், எந்தக் காலில் எம்புகிறாள் என்பதெல்லாம் பார்த்து. எல்லோருக்கும் ஒரே தூரம் என்று வைத்தால் பாதிப் பேர் பலகையைத் தாண்டி மிதிப்பார்கள். இதை எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அதே மைதானத்தில், காலையில், அத்தனை பேரையும் ஒரே கோணத்தில் குதிகாலை ஒட்டி நிற்கவைத்தவளும் நான்தான். இரண்டும் எனக்கு முரணாகத் தோன்றியதே இல்லை.

குறிப்பேட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் திரும்பப் போனேன். எவ்வளவு வளைந்திருந்தாலும் அப்படியே விட்டுவிடுவீர்களா என்று கேட்டேன். இல்லை, தனக்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டிய வளைவை எல்லைக்குள் கொண்டுவந்துவிடுவேன், உங்களுடையது உள்ளே இருக்கிறது என்றார். வளைவாக விட்டால் செயற்கை மூட்டு சீக்கிரம் தேயாதா என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் தெரிஞ்சது நல்லபடியாத்தான் இருக்கு. இருபது, இருபத்தஞ்சு வருசம் கழிச்சு எப்படின்னு என்னால கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. நேராக்குற முறைக்கு அந்த வயசு இருக்கு. இதுக்கு இன்னும் அந்த வயசு வரல."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்கு அதிகம் யோசிக்க இருக்கவில்லை. தேய்ந்ததை மட்டும் திருப்பிக் கொடுங்கள், பிறவி வளைவு இருக்கட்டும் என்றேன்.

கடைசிக் கேள்வி எனக்காக இல்லை. இதெல்லாம் ரோபோ இயந்திரம் வைத்திருக்கும் பெரிய மருத்துவமனைகளுக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தானா என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் நாற்று நட்டும் களை எடுத்தும் முழங்கால் தேய்ந்த பெண்களை எனக்குத் தெரியும். அவர்களில் என்னைப் போல இயல்பாகவே கால் வளைந்தவர்களும் இருக்கிறார்கள். மருத்துவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கருவியை எடுத்துக் காட்டினார். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் வெர்னியர் அளவியின் உடன்பிறப்பு போல இருந்தது. ரோபோ இருந்தால் வசதி, இந்த மருத்துவமனையில் இல்லை என்றார். சீவி எடுத்த எலும்புத் துண்டின் கனத்தை இதில் அளந்துகொண்டே போனால், எவ்வளவு எடுத்தோம், தேய்மானத்துக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று அங்கேயே தெரிந்துவிடும். அரசுக் காப்பீட்டில் வருகிறவர்களுக்கும் தான் இப்படித்தான் செய்வதாகச் சொன்னார். கூடுதலாக வேண்டியது பழக்கமும், ஒவ்வொருவரின் காலையும் உட்கார்ந்து பார்ப்பதற்கான நேரமும். நேரம்தான் கிடைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

இப்படித் தனித்தனியே பார்ப்பது முழங்காலோடு நிற்கவில்லை. அறுவைக்கு முந்தைய நாள் எனக்குப் பக்கத்து அறையில் இருந்த ஒரு விவசாயிக்கு இடுப்பு மூட்டு மாற்றவிருந்தார்கள். அவரை நிற்கவைத்து ஒரு படம், உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார்களாம். உட்காரும்போது ஒவ்வொருவருக்கும் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் வெவ்வேறு அளவு சாயும். அதைப் பார்த்துத்தான், தொடை எலும்பின் தலை உட்காரும் செயற்கைக் கிண்ணத்தை எந்தச் சாய்வில் வைப்பது என்று தீர்மானிக்கிறார்கள். "ரெண்டு படத்துக்கும் ஒரே சட்டை போட்டுட்டேன், பரவாயில்லையா?" என்று அவர் செவிலியரிடம் கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

அறுவை அன்று முதுகில் ஊசி போட்டு (இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் மயக்கமுறை) என்னை லேசான தூக்கத்தில் வைத்திருந்தார்கள். இடையிடையே விழிப்பு வந்தது. முகத்துக்கு முன் பச்சைத் திரை. தச்சுப் பட்டறைச் சத்தம் போல ஏதோ கேட்டது. பயப்படுவேன் என்று நினைத்திருந்தேன்; பயம் வரவில்லை. ஏனென்றால் எண்கள் கேட்டன. மருத்துவர் ஓர் எண் சொன்னார். உதவியாளர் அதைத் திருப்பிச் சொன்னார். ஆறு. ஆறு. எட்டு. எட்டு. மைதானத்தில் நானும் இப்படித்தான். அளவு நாடாவின் இரண்டு முனையிலும் ஆள் நின்று எண்ணைச் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்து எழுதிக்கொள்வோம்.

மறுநாள் அந்த எண்களைப் பற்றிக் கேட்டேன். தொடை எலும்பின் முனையிலிருந்து சீவிய இரண்டு துண்டுகளில், தேயாத பக்கத்துத் துண்டு எட்டு மில்லிமீட்டர், தேய்ந்த பக்கத்துத் துண்டு ஆறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காணாமல்போன குருத்தெலும்பு. நான்கு வருடமாக என்னை மைதானத்திலிருந்து வெளியேற்றிக்கொண்டிருந்தது அந்த இரண்டு மில்லிமீட்டர். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியை என் எலும்பின் போக்கிலேயே விட்டிருந்தார்.

அறுவை அன்று மாலையே முத்துமாரி வந்து, நடைச்சட்டத்தைப் (நான்கு கால்களுள்ள பிடித்து நடக்கும் சட்டம்) பிடித்து நிற்கவைத்தாள். கட்டுக்குள் கால் கனத்தது. இரண்டு மடங்கு பெருத்த மாதிரி. பாதத்தைத் தரையில் வைத்தேன். அது எனக்குத் தெரிந்த இடத்தில் விழுந்தது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த அடியை எங்கே வைப்பது என்று நான் யோசிக்கவில்லை.

இதை வாசித்துவிட்டு யாரும் இது எளிது என்று நினைத்துவிடக் கூடாது. முதல் இரண்டு வாரம் கடுமையான வலி. காலை மடக்கும் பயிற்சியில் ஒவ்வொரு ஐந்து டிகிரிக்கும் அழுதிருக்கிறேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவார். எட்டில் நான் நிறுத்தினால், "பத்தாங் கிளாஸ் பிள்ளைகள இப்படி எட்டுல விட்டுருவியாக்கும்?" என்பார். மூன்று வாரத்தில் தொண்ணூறு டிகிரி மடங்கியது. ஆறாவது வாரம் கைத்தடியோடு தெருமுனை வரை போனேன். தழும்பின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்திருக்கிறது. அது முழுவதும் சரியாகாமலும் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். முழங்காலிட்டால் ஏதோ மரப்பலகையின் மேல் இருப்பது போல இருக்கிறது. குந்தி உட்காரக் கூடாது. ஓடுபாதைக் கோட்டைக் குந்தி சரிபார்க்கும் வேலை எனக்கு முடிந்துபோயிற்று.

உங்களுக்கு அந்த நீளப் படம் எடுக்கும் நாள் வந்தால், தயவுசெய்து அழகாக நிற்காதீர்கள். வலிக்கிற காலிலும் எடை போடுங்கள். முழங்கால் சில்லு முன்னே பார்க்கிறதா என்று கேளுங்கள். மருத்துவரிடம், என் கால் தேய்வதற்கு முன்பு எப்படி இருந்தது, அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், என் எலும்புக்கும் தசைநாருக்கும் எந்த வழி பொருந்தும், அதில் உங்களுக்கு எவ்வளவு பழக்கம் என்று கேளுங்கள். நேராக்கும் முறைதான் உங்களுக்குச் சரி என்று அவர் சொல்லக்கூடும்; அதற்கும் காரணம் இருக்கும். கேட்டுத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுப்பது வேறு, வெட்கத்தால் தேர்ந்தெடுப்பது வேறு. நான் இரண்டாவதைச் செய்ய இருந்தேன்.

இப்போது ஓராண்டு ஆகிறது. இடது கால் இன்னும் பழைய காலாகவே இருக்கிறது. அதற்கும் ஒருநாள் வரும், அவசரம் இல்லை என்றார் மருத்துவர். எனவே என் உடலில் இப்போது இரண்டு வயதுகள் நடக்கின்றன. வலது கால் மாடிப்படிக்கு முதலில் போகிறது, இடது அதன் பின்னால் வருகிறது. காலையில் எழுந்ததும் முதல் பத்துப் பதினைந்து அடிகள் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு. அதுவரை நான் அவசரப்படுத்துவதில்லை. முன்பெல்லாம் ஒரு நாளை நாற்பது நிமிடத் துண்டுகளாகத்தான் எனக்குத் தெரியும். மணி அடித்தால் ஒன்று முடியும், அடுத்தது தொடங்கும். இப்போது கால் சொல்லும் நேரமும் ஒன்று கூடவே ஓடுகிறது. அது மணியோடு ஒத்துப்போவதில்லை. இரண்டையும் கேட்கப் பழகிவிட்டேன்.

கோடை விடுமுறையோடு மருத்துவ விடுப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, ஜூலை இரண்டாம் வாரம் பள்ளிக்குத் திரும்பினேன். தலைமையாசிரியை எனக்காக நூலகத்தில் மேசையைத் துடைத்து வைத்திருந்தார். நன்றி சொல்லிவிட்டு, மேசை வேண்டாம், அந்த நாற்காலியை மட்டும் வேப்ப மரத்தடிக்கு அனுப்பிவையுங்கள் என்றேன். மதியம்வரை நின்றுகொண்டு வேலை பார்க்கிறேன். மதியத்துக்குப் பிறகு அந்த நாற்காலியில் கால்களை எப்படி வருகிறதோ அப்படி நீட்டி உட்கார்ந்துகொண்டு விசில் ஊதுகிறேன்.